நந்தவனத்தில் நூற்றுப்பன்னிரண்டு பாத்திரங்கள்

6.2.83 ஞாயிறு

காலையில் லேசான பனி. எட்டு மணிக்கே வெயில். குழாய்த் தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள். இன்று வராத நாள்.

பாத்திர வசூலின் மூன்றாவது ஞாயிறு. விளாங்குடியில் எங்கள் தெரு, அடுத்த தெரு, கோயில் தெரு முடிந்தன. இதுவரை எண்பத்தேழு. நூற்றுப்பன்னிரண்டு வேண்டும் என்கிறான் என் சிநேகிதன், சிற்பி மாறன். ஏன் நூற்றெட்டு ஆகாது என்று கேட்டேன். நூற்றெட்டு என்றால் பக்தியாகிவிடுமாம். நூற்றுப்பன்னிரண்டு என்றால் கலை.

பத்து வருடம் கழித்து நானே படித்தாலும் விளங்க வேண்டும் என்பதற்காக: ராணி நந்தவனம், ஆற்றின் வடகரை. இருபது மகிழ மரம், ஒரு வறண்ட குளம், சுவர் இருந்ததற்கான அடையாளம். நாயக்கர் காலத்து ராணி ஒருத்தி அங்கே பூப்பறித்தாளாம். எந்த ராணி என்பதில் மூன்று கருத்து. மூன்றுக்கும் ஆதாரம் இல்லை. பாதுகாப்புக் குழு ஒன்று அமைத்து வேலி போட்டார்கள். குளத்துக்குத் தண்ணீர் கொண்டுவர முடியவில்லை. பதிலாகச் சிற்பம் கொண்டுவருகிறார்கள்.

சிற்பம்: வீடுகளில் புழங்கிய எவர்சில்வர் பாத்திரங்களைக் கண்ணாடி போலப் பாலிஷ் போட்டு, குளக்கரையில் வளைந்த இரும்புச் சட்டத்தில் சுவர் மாதிரி மாட்டுவது. மரம், வானம், வந்து நிற்பவர் முகம் எல்லாம் அதில் தெரியும். பாத்திரங்களில் வெட்டியிருக்கும் பெயர்கள் அப்படியே இருக்கும். "பேருக்குள்ள மொகம் தெரியணும் மாப்ள. அதான் இதுல விசயம்" என்றான். அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் மூன்று ஞாயிறாக வெயிலில் அலைகிறேன். ஒரு வருடம் காட்சியில் இருக்கும். பிறகு பெயரைப் பார்த்து அவரவர் வீட்டுக்குத் திருப்பித் தரப்படும்.

இன்று வந்தவை:
– மீனா டீச்சர், சம்படம். மூடி இல்லை.
– ரயில்வேக்காரர் வீடு, தட்டு இரண்டு. ஒன்றில் மாமியார் பெயர், ஒன்றில் மருமகள் பெயர். ஒரே வரிசையில் மாட்டக் கூடாது என்று இருவரும் தனித்தனியாக என்னிடம் சொன்னார்கள்.
– அலங்காநல்லூர் மாயாண்டி, அண்டா ஒன்று. அவருடைய காளை யாருக்கும் பிடிபடாமல் ஜெயித்த பரிசு. அண்டாவில் அவர் பெயர் இல்லை; காளையின் பெயர்தான். 'கொம்பன்.' காளை போன வருடம் செத்துவிட்டது. "பாத்துப் புழங்கச் சொல்லுங்கண்ணே. அம்புட்டுத்தான் அவன் இருக்கான்" என்றார்.

எல்லாம் நோட்டில் எழுதியாயிற்று. எண், பாத்திரம், வெட்டிய பெயர் வெட்டியபடி. கல்லூரி நூலகத்தில் இருபது வருடமாகச் செய்கிற வேலைதான். இங்கே புத்தகத்துக்குப் பதில் சொம்பு.

9.2.83 புதன்

வெயில். ஒத்தக்கடை பஸ் வரவில்லை; கல்லூரிக்கு ஒரு மணி நேரம் தாமதம். யாரும் கவனிக்கவில்லை. கவலைப்பட வேண்டிய விஷயம்.

சாயங்காலம் மாறன் வீட்டுக்கு வந்தான். மாறன் என்பது மெட்ராஸில் கலைக் கல்லூரி போன பிறகு வந்த பெயர். அதற்கு முன்னால் மாரியப்பன். விடுதியில் பக்கத்துப் படுக்கை. எங்கள் கல்யாணத்துக்கு எவர்சில்வர் குடம் கொடுத்தான், 1962-ல். அன்றைக்கு அது பெரிய விஷயம். குடத்தின் தோளில் 'அன்பளிப்பு – பெ. மாரியப்பன்.' எழுத்துகள் ஒவ்வொன்றும் கட்டைவிரல் உயரம். இருபத்தோரு வருடமாக அந்தக் குடத்தில்தான் குடிக்கிற தண்ணீர்.

காப்பி குடித்துக்கொண்டே சமையல் அறையை எட்டிப் பார்த்தான். சர்க்கரை வைத்திருக்கும் சின்னத் தூக்கைக் கண்டான்.

"தங்கச்சி, இது தங்கத்தோடதுதானே?"

என் மனைவி கோமதி தலையாட்டினாள். தங்கம் அவள் தங்கை. பள்ளிக்கூடத்தில் பாட்டுக்கு வாங்கிய பரிசு அது. 'முதல் பரிசு – பாட்டு – ச. தங்கம்.' பத்தொன்பது வயதில் காய்ச்சலில் போய்விட்டாள். சுடுகாடு வரை மாறனும் வந்தான். தோள் கொடுத்தான். வீட்டில் அவளுடைய போட்டோ ஒன்றுகூட இல்லை. அவள் பெயர் எழுதிய பொருள் இந்தத் தூக்கு ஒன்றுதான்.

"நடுவுல வைக்கிறேன் தங்கச்சி. கண்ணு மட்டத்துக்கு. வர்றவன் போறவன் எல்லாம் அவ பேரை வாசிப்பான்."

அவன் போன பிறகு நானும் பேசினேன். சர்க்கரை டப்பாவாக இருப்பதைவிட அது மேலல்லவா என்றேன். நன்றாகத்தான் பேசினேன். கோ. ரொம்ப நேரம் கழித்துக் கேட்டாள்: "நிசமா வாசிப்பாங்களா?"

வாசிப்பார்கள் என்றேன்.

சர்க்கரையைக் கண்ணாடி பாட்டிலுக்கு மாற்றினாள். தூக்கைக் கழுவித் துடைத்துத் துணியில் சுற்றினாள். நோட்டில் எண் 91.

14.2.83 திங்கள்

அரை நாள் விடுப்பு. இரண்டு மாட்டு வண்டியில் நூற்றுப்பன்னிரண்டும் குப்புசாமி பட்டறைக்கு. அவர் சௌராஷ்டிரர், அறுபது வயது. பாத்திரத்தில் பெயர் வெட்டுவதும் பாலிஷ் போடுவதும் தொழில். உள்ளே மனைவியிடம் அவர்கள் பாஷை, வாசலில் நம்மிடம் மதுரைத் தமிழ், இரண்டுக்கும் நடுவில் மெஷின் சத்தம். நான் வண்டியிலிருந்து எண் பார்த்து இறக்கிக்கொண்டிருந்தேன். மாறன் உள்ளே அவரோடு ஏதோ பேசிக்கொண்டிருந்தான். குப்புசாமி இரண்டு முறை என் பக்கம் திரும்பிப் பார்த்தார். பாத்திரங்களை எண்ணுகிறார் என்று நினைத்தேன்.

வெளியே வந்து தோளில் கை போட்டான். "உன் நோட்டுதான் மாப்ள இதுக்கு உசுரு." முகமெல்லாம் பாலிஷ் தூசி, கறுப்பு. எனக்கும். இருவரும் சுரங்கத்திலிருந்து வந்தவர்கள் மாதிரி டீ குடித்தோம். சந்தோஷமாக இருந்தது. எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றிய அளவுக்கு.

22.2.83 செவ்வாய்

வெயில் அதிகம். குழுவுக்காகச் சிறு கையேடு எழுதி முடித்தேன், எட்டுப் பக்கம். ராணி விவகாரத்தில் மூன்று கருத்தையும் கொடுத்து, மூவரும் பூப்பறித்திருக்கலாம் என்று முடித்திருக்கிறேன். தோட்டம் பெரியதுதான். சிற்பத்துக்கு இரண்டு பக்கம்: 'ஒவ்வொரு பாத்திரமும் ஒரு வீட்டின் பெயரைத் தாங்கி நிற்கிறது.' அச்சுக்குப் போயிற்று.

நந்தவனம் போனேன். சட்டம் நட்டாயிற்று. மேலே பச்சைத் துணி போர்த்தியிருக்கிறது. பார்க்கலாமா என்றேன். "தெறப்பு விழா அன்னைக்குத்தான். ஒனக்கும்தான்" என்று சிரித்தான். கலைஞர்களின் சடங்கு என்று விட்டுவிட்டேன்.

கோ. விழாவுக்கு எந்தப் புடவை கட்டுவது என்று மூன்று நாளாக யோசனை.

6.3.83 ஞாயிறு

திறப்பு விழா. காலை பத்து மணி. வெயில். பந்தல் குழுத் தலைவருக்கு மட்டும்.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

துணியை இழுத்தார்கள். கண் கூசியது. உண்மையாகவே அழகாக இருந்தது. அதை மறைப்பதற்கில்லை. நூற்றுப்பன்னிரண்டு வட்டம், எல்லாவற்றிலும் மகிழ மரம், எல்லாவற்றிலும் வானம், எல்லாவற்றிலும் நாங்கள், மூக்கு மட்டும் பெரிதாக. கை தட்டினோம்.

பிறகு விளாங்குடி ஆட்கள் கிட்டே போனார்கள். அவரவர் பாத்திரத்தைத் தேடினார்கள். ஒரு வரிசை பார்த்து, அடுத்த வரிசை பார்த்து, மறுபடி முதல் வரிசை. எங்கும் ஓர் எழுத்து இல்லை. ஒடுக்கு இல்லை, கீறல் இல்லை. பெயர் இருந்த இடமெல்லாம் வழவழவென்று வானம்.

மாயாண்டி புதுச் சட்டை. மனைவி, மைத்துனர், மைத்துனர் பிள்ளைகள் என்று ஒன்பது பேரோடு பஸ் ஏறி வந்திருந்தார். அண்டாவின் முன்னால் நின்று சொன்னார்: "இது நம்ம அண்டா இல்லண்ணே."

"அதுதான். அளவு பாருங்க, அதுதான்."

"அப்ப கொம்பன் எங்கண்ணே?"

அவர் மைத்துனர்: "மச்சான், மூஞ்சி மட்டும் நல்லாத் தெரியுதுய்யா. காளைக்குப் பதிலா நீரு இருக்கீரு." யாரும் சிரிக்கவில்லை. அவரும்கூட.

மீனா டீச்சர் கையேட்டை எடுத்து சிற்பம் பற்றிய அந்தப் பக்கத்தைத் திறந்து, என்னைப் பார்த்து, மூடினார். முப்பது வருடம் வகுப்பெடுத்தவர்.

கோ. கண் மட்டத்து வரிசையை இடமிருந்து வலமாக ஒருமுறை பார்த்தாள். பிறகு உட்காரப் போய்விட்டாள்.

சிற்பத்தில் பெயரே இல்லை என்று சொல்ல முடியாது. பீடத்தில் எவர்சில்வர் தகடு: 'உபயம்' என்று தலைவர் பெயர், பட்டங்களுடன். கீழே 'சிற்பி மாறன்.' வெட்டு சுத்தமாக இருந்தது. கையேட்டின் கடைசிப் பக்கத்தில் என் பெயரும் உண்டு. நான் எழுதாத பக்கம் அது. 'வண்டி ஏற்பாடு.'

7.3.83 திங்கள்

தண்ணீர் வந்த நாள். கோ. பிடித்து வைத்தாள். காலையிலேயே மூன்று பேர் வாசலில். பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது எது யாருடையது என்று எப்படித் தெரியும் என்று கேட்டார்கள். நல்ல கேள்வி. எனக்கு அது தோன்றவே இல்லை.

மாலை மாறனைப் பார்த்தேன். தங்கியிருக்கும் லாட்ஜில், வாழ்த்துத் தந்திகளோடு.

"ஏண்டா பேரெல்லாம் எடுத்த?"

"மாப்ள, பேரு இருந்தா அது பாத்திரம். பேரு போனாத்தான் சிற்பம். எழுத்துல வெளிச்சம் ஒடையுது. ஒனக்குச் சொன்னா வெளங்கும்."

"பீடத்துல ரெண்டு பேரு இருக்கே. அங்க ஒடையலையா?"

"அது கையெழுத்துடா."

"தங்கம் பேரு?"

தந்திகளை எடுத்து அடுக்கி வைத்தான். வருத்தப்படுகிறான் என்று நினைத்தேன். அவன் யோசித்துக்கொண்டிருந்தான்.

"பட்டறையில தவறிப்போச்சு மாப்ள. நான் குப்புசாமிகிட்ட அந்த ஒண்ணை மட்டும் விடச் சொன்னேன். பாலிஷ்காரன், அவனுக்கு என்ன தெரியும்."

வரும்போது இதை நம்பிக்கொண்டே வந்தேன். பஸ்ஸில் நின்றுகொண்டு, குப்புசாமி மேல் கோபமாக. வீட்டில் கோ.விடமும் சொன்னேன்.

"அப்படியா சொன்னாரு" என்றாள். அவ்வளவுதான்.

9.3.83 புதன்

மேகம். பெய்யவில்லை.

குப்புசாமி பட்டறை. சண்டை போடுவதற்காகப் போனது. அவர் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

"நாப்பது வருசமா பேர் வெட்டுறேன் சார். பேர் அழிக்கச் சொல்லி வர்றவன் ரெண்டு வகை. ஒண்ணு, செகண்ட்ஸ்ல வாங்குனவன். இன்னொண்ணு திருடினவன். உங்க சிநேகிதரு எதுல சேத்தின்னு எனக்குப் புரியல. மொதல் நாளே கேட்டேன்."

"முதல் நாளா?"

"நீங்க வண்டியில எறக்கிக்கிட்டிருந்தீங்க. எல்லாப் பேரையும் எமரித் தாள் போட்டுத் தேச்சு எடுத்துருங்கன்னாரு. வெளிய நிக்கிற சாருக்குத் தெரியுமான்னேன். 'இப்பச் சொல்ல வேணாம், சொன்னா எடுத்துட்டுப் போயிருவான்'னாரு."

"ஒண்ணை மட்டும் விடச் சொன்னானாமே. சின்னத் தூக்கு."

"எந்தத் தூக்கு சார்?"

டீ வரவழைத்தார். ஆறிப்போகும் வரை இருந்தேன். அன்றைக்கு அவர் பார்த்த இரண்டு பார்வையும் நினைவு வந்தது. பாத்திரத்தை எண்ணவில்லை. என்னைத்தான் எண்ணியிருக்கிறார்.

பட்டியல் போட்டால்:
– பெயரை எடுத்தது ஒரு தப்பு.
– முதல் நாளே முடிவு செய்து, என்னை வீடு வீடாக அனுப்பியது இரண்டாவது.
– தோளில் கை போட்டது மூன்றாவது. இதற்குத்தான் தூக்கம் வரவில்லை.

கிளம்பும்போது குப்புசாமி சொன்னார்: "சார், கையால புள்ளி வெட்டின பேரு. வெளியில தேச்சா வெளியதான் போகும். உள்ளாற கைய விட்டுத் தடவச் சொல்லுங்க வீட்ல. புள்ளி புள்ளியா நிக்கும். உள்பக்கம் நான் தொடலை."

13.3.83 ஞாயிறு

கோ.வும் நானும் நந்தவனம். காலை ஏழு மணி. நோட்டு, பென்சில், ஒரு பாட்டில் தண்ணீர்.

சிற்பத்துக்கு ஒரு பின்பக்கம் உண்டு. கையேட்டில் இல்லை. துரு, முடுக்கிய ஆணிகள், நூற்றுப்பன்னிரண்டு திறந்த வாய்.

வாட்ச்மேன்: "அம்மா, பின்னாடி போகக் கூடாது. முன்னாடிதான் பாக்கணும்."

"முன்னாடி பாத்தாச்சு. அங்க எங்க மூஞ்சிதான் இருக்கு" என்றாள் கோ. அவன் யோசித்துவிட்டு விட்டுவிட்டான்.

மேல் வரிசையில் ஆரம்பித்தாள். கையை விட்டு, கண்ணை மூடி, விரலால் தடவுவாள். உள்ளிருந்து தடவுவதால் எழுத்தெல்லாம் திரும்பி நிற்கும்; வலமிருந்து இடம் போக வேண்டும். பழகுவதற்கு அவளுக்குப் பத்து நிமிடம். எங்கள் நூலகத்தில் இதற்கு இணையான திறமைக்கு மூன்று வருடப் படிப்பு.

"'மீ'. பெறகு 'னா'. டீச்சர் சம்படம்."

நான் நோட்டில் குறித்தேன். எண் 84. மேலிருந்து இரண்டாம் வரிசை, ஐந்தாவது.

அண்டா கண்டுபிடிப்பது சுலபம், அளவு போதும். ஆனாலும் கையை விட்டுத் தடவிப் பார்த்தாள். "கொம்பன் இருக்கான்" என்றாள். மாயாண்டிக்குக் கார்டு போட வேண்டும்.

மாமியார் தட்டும் மருமகள் தட்டும் ஒட்டி ஒட்டி, ஒரே வரிசையில். தட்டுக்கு உள்ளும் புறமும் ஏது. பின்னால் கை விடாமல் கண்ணாலேயே படிக்கலாம், எழுத்து திரும்பி நின்றாலும். இருவருக்கும் சொல்லப்போவதில்லை.

பதினொரு மணி வரை நாற்பத்து மூன்று. நடு வரிசை முழுவதும் முடிந்தது. தங்கம் இல்லை. அதற்குக் கீழ் வரிசையிலும் இல்லை. கோ.வின் விரல்நுனி கறுப்பாகிவிட்டது. நாளை பார்க்கலாமே என்றேன். கேட்கவில்லை.

கடைசி வரிசை, தரையை ஒட்டியது. மண்ணில் உட்கார்ந்துவிட்டாள், விழாவுக்குக் கட்டிய அதே புடவையோடு. ஒரு போணிப் பாத்திரத்துக்கும் முட்டுக் கல்லுக்கும் நடுவில் ஒரு சின்ன வாய். உள்ளே கை போயிற்று. நின்றது.

முன்பக்கம் ஒரு குடும்பம். குழந்தைக் குரல்: "அப்பா, என் மூக்கப் பாருங்க எம்புட்டுப் பெருசு." அப்பா சிரிக்கிறார்.

"இருக்கா" என்றாள் கோ.

நான் எண் 91-ஐத் தேடி, கடைசி வரிசை, இடமிருந்து நான்காவது என்று எழுதினேன். எழுதி முடித்த பிறகும் அவள் கையை எடுக்கவில்லை. நான் அந்தப் பக்கம் திரும்பி நின்று மரம் பார்த்தேன். மகிழ மரம். பூ காலம் இல்லை.

16.3.83 புதன்

பாத்திரம் கொடுத்தவர்களில் பாதிப் பேர் நந்தவனம் போய் வந்துவிட்டார்கள். எல்லோரும் பின்பக்கம்தான். வாட்ச்மேன் குழுவுக்குப் புகார் எழுதியிருக்கிறானாம்: 'பொதுமக்கள் சிற்பத்துக்குள் கை விடுகிறார்கள்.' மீனா டீச்சர் சொல்லித்தான் தெரியும். என்னோடு பேச ஆரம்பித்துவிட்டார். சிரிக்கவில்லை இன்னும்.

கோ. தண்ணீரையெல்லாம் வேறு பாத்திரங்களில் ஊற்றிவிட்டு, அந்தக் கல்யாணக் குடத்தைத் துணியில் சுற்றி, "குப்புசாமி கடைக்குப் போயிட்டு வாரேன்" என்றாள். எதற்கு என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் தடுத்திருப்பேனா என்று யோசித்துப் பார்த்தேன். தடுத்திருக்க மாட்டேன்.

20.3.83 ஞாயிறு

கடும் வெயில். குழாய் வராத நாள்.

மாறன் வந்தான். புது ஜிப்பா. கையில் பூந்தி. எதுவுமே நடக்காத முகம். கோபப்படும் ஆளாக இருந்தாலாவது சுலபம்.

விஷயம்: டெல்லியில் ஒரு பரிசு. விண்ணப்பத்தில் 'பொதுமக்கள் பங்கேற்பு' என்று ஒரு கட்டம். பாத்திரம் கொடுத்தவர்கள் பட்டியல் இணைக்க வேண்டும், பெயர்களோடு.

"நோட்டு குடு மாப்ள. ரெண்டு நாள்ல தந்துர்றேன்."

"நோட்டா? பாலிஷ் போடக் குடுத்திருக்கேன்."

சிரித்தான். பழைய விடுதிச் சிரிப்பு. தொடையில் தட்டினான். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பைக் குறைத்தான்.

"வெயிலு. கொஞ்சம் தண்ணி குடு தங்கச்சி."

கோ. சொம்பில் கொண்டுவரவில்லை. குடத்தையே தூக்கி வந்து அவன் முன்னால் வைத்தாள், நிறைகுடம். வீடு, ஜன்னல், மின்விசிறி எல்லாம் அதில் சுற்றியது. அவன் குனிந்து பார்த்தான். தாடியை விரலால் சரிசெய்துகொண்டான்.

"நல்ல பாலிஷு. புதுக் குடமா தங்கச்சி?"

"பழசுதாண்ணே. நீங்க குடுத்ததுதான்."

அவன் தோள் பக்கத்தைப் பார்த்தான். குடத்தை ஒரு சுற்றுச் சுற்றினான். மறுபடி ஒரு சுற்று. விரலால் அந்த இடத்தைத் தேய்த்துப் பார்த்தான், அழுக்கு ஏதோ மறைத்திருக்கிறது என்பது போல.

"எங்கயும் போகலண்ணே" என்றாள் கோ. "உள்ளாற கைய விட்டுத் தடவிப் பாருங்க. பெரிய எழுத்து. நல்லாவே தெரியும்."

என்னைப் பார்த்தான். நான் பூந்திப் பொட்டலத்தின் முடிச்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கையை விடவில்லை. ஜிப்பாக் கை நனையும்.